குட்டையாகிப் போன தக்காளி

“நான் ஊருக்குப் போறப்ப இது என் நெஞ்சு உயரம் இருந்துச்சு.” பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் மனைவி பால்கனித் தொட்டியின் முன்னால் நின்றாள். “இப்ப முழங்காலுக்கு நிக்குது. செடி வளரும்னு கேள்விப்பட்டிருக்கேன். குறையுமாங்க?”

கணவன் ஓர் அடி பின்வாங்கினான். மூன்று வாரப் பயிற்சி முடிந்து வருகிறவள் முதலில் புருஷன் முகத்தைத்தான் பார்ப்பாள் என்று நம்பி, சவரமெல்லாம் செய்து வைத்திருந்தான். அவளோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தண்டை ஆராய்ந்தாள். தன் கடையிலேயே அளவெடுத்து அந்தக் கண்ணாடியைப் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். இவ்வளவு துல்லியமாகப் போட்டிருக்க வேண்டாம்.

வேறு தக்காளியாக இருந்தால் கவலை இல்லை. இது அவனுடைய அம்மா நாற்பது வருஷமாக விதை எடுத்து, விதை போட்டுக் காத்துவரும் ரகம். பழுத்தால் காம்பைச் சுற்றியுள்ள தோளில் மட்டும் கறுப்பு படரும். பெற்ற பிள்ளைகளின் பெயரையே மாற்றி மாற்றிக் கூப்பிடுகிற அம்மா, தக்காளி விஷயத்தில் மட்டும் ஒருநாளும் தடுமாறியதில்லை.

அந்த நாற்றை மகளுக்குக் கொடுக்காமல் மருமகளுக்குக் கொடுத்திருந்தாள். “உன் கைக்கு வருதான்னு பார்ப்போம்” என்று ஒரு வார்த்தையும் கூடவே கொடுத்திருந்தாள். வந்ததா இல்லையா என்று பார்க்க நாளைக் காலை நேரில் வருகிறாள். துணைக்கு மகளும் வருகிறாள்.

உண்மை என்னவென்றால், அந்தச் செடி ஒன்பதாம் நாளே மண்டையைப் போட்டுவிட்டது. “தண்ணி ஊத்த மறந்துடாதீங்க” என்று மனைவி சொல்லிவிட்டுப் போனதை அவன் அளவுக்கு மீறி ஞாபகம் வைத்துக்கொண்டான். எழுந்ததும் ஒரு வாளி, கடைக்குப் போகும்முன் ஒரு வாளி, வந்ததும் ஒரு வாளி. மீன் வளர்த்திருந்தால் பிழைத்திருக்கும்.

முதல் எட்டு நாளில் எடுத்த படங்களையே திருப்பித் திருப்பி அவளுக்கு அனுப்பி ஒப்பேற்றினான். பிறகு நர்சரிக்கு ஓடினான். படத்தைக் காட்டியதுதான் தாமதம், நர்சரிக்காரர் என்ன ரகம் என்றுகூடக் கேட்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய் ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். ‘தொழில் தெரிஞ்ச மனுஷன்!’ என்று இவன் வாயைப் பிளந்தான்.

“ஆனா இது குட்டையா, குண்டா இருக்கேண்ணே?”

“ரகம் அதேதான் சார். உங்க செடி வீட்டு நிழல்ல நின்னது. வெளிச்சம் தேடித்தேடி ஒட்டடைக்குச்சி மாதிரி நீண்டுடுச்சு. இது வெட்டவெளியில வெயிலும் காத்தும் தின்னு வளந்தது. ஒரே வயித்துப் பிள்ளைங்கதான், வளந்த வீடு வேற.” செடிக்குத்தான் விலை, விளக்கம் இலவசம்.

அந்த இலவசத்தைத்தான் இப்போது செலவழித்துக்கொண்டிருந்தான்.

“நுனியைக் கிள்ளி விட்டேன்மா, அதான் குட்டை.”

“தண்டு ஏன் இவ்ளோ தடிமனா இருக்கு?”

“ஹால் ஜன்னல்லேர்ந்து பால்கனிக்கு மாத்திட்டேன்ல? காத்துல ஆடி ஆடித் தண்டு தேறிடுச்சு.”

“இலையெல்லாம் சுருண்டிருக்கே?”

“வெயில்மா. ஈரத்தை மிச்சம் பிடிக்குது. உன் தம்பி மாதிரி ஊதாரி இல்ல.”

“தம்பியை விடுங்க. இலைக்கு அடியில ஊதா அடிக்குதே, அது?”

“ராத்திரிக் குளிருக்கு அப்படி ஆகும். நமக்கு உதடு நீலமாகுதில்ல?”

மனைவி ஒவ்வொன்றுக்கும் மெல்லத் தலையாட்டினாள். கடைசியில் அவள் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. கண்கூடக் கொஞ்சம் கலங்கிவிட்டது.

“நாளைக்கு அத்தை கேட்டா இதையெல்லாம் அப்படியே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ‘என் மருமக கைராசி’ன்னு உங்க தங்கச்சி முன்னாடி ஒரு தடவை சொல்லிட்டாங்கன்னா போதும். வேற எதுவும் வேணாம்.”

அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். பொய் அவனுடையது, ஆனால் நாளை அம்மா கண்டுபிடித்துவிட்டால் தலைகுனிந்து நிற்கப்போவது இவள். ஒன்றும் தெரியாமல் நிற்பாள். அடி வாங்குவது என்றால் இன்றைக்கே, இவள் கையாலேயே வாங்கிக்கொள்வது உத்தமம் என்று தோன்றியது.

“இது உன் செடியே இல்லம்மா” என்றான். “உன் செடியை நான் தண்ணியில முக்கியே கொன்னுட்டேன். இது நர்சரியில வாங்கினது. அம்மா கேட்டா என்னைக் கைகாட்டிடு. நீ பெத்த பிள்ளை மாதிரி வளத்ததை… மன்னிச்சிடுமா.”

மனைவி அவனைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், மறுபடியும் அவனைப் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையும் காலியானதைக் கண்டு அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

விழவேண்டியது எதுவும் விழவில்லை. காதருகே அவள் குரல்தான் ரகசியமாகக் கேட்டது.

“அத்தை குடுத்த நாத்து எப்பவோ செத்துடுச்சு. அதே நர்சரியில நான் வாங்கினதுல, நீங்க கொன்னது நாலாவதுங்க.”