யாரும் கை வைக்கவில்லை

“ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம் அதையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருப்பே? வெளியில இருபது பேர் உக்காந்திருக்காங்க, தெரியும்ல?”

மேனேஜர் போட்ட சத்தம் ஸ்கேன் சென்டரின் வாசல் வரை கேட்டது. வரவேற்பறையில் கையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நமக்கெதற்கு வம்பு என்று மறுபடி செல்போனில் குனிந்துகொண்டார்.

மேனேஜருக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. வராத நாளும் கிடையாது. ஆனால் இன்று காரணம் இருந்தது. காலையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து சர்வர் கிளம்பவே இல்லை. எல்லா நோயாளிகளின் படங்களும் அதற்குள்தான். மதியம் பெரிய டாக்டர் வந்து படம் கேட்டால், இவருடைய நாற்காலி ஆட்டம் கண்டுவிடும்.

சர்வீஸுக்கு வந்திருந்த பெண், பீரோ அளவே இருந்த அந்த அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரே ஒரு வரி. டிஸ்க்குகளைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் அசைய மாட்டேன் என்றது.

“டிஸ்க் போயிருக்கும். மாத்தித் தொலை.”

“டிஸ்க் நல்லா இருக்கு சார். மெமரி, கேபிள் எல்லாம் பார்த்துட்டேன்.”

“அப்ப அந்தப் படுபாவி வேலைதான்!” மேனேஜர் கதவில் ஓங்கிக் குத்தினார்.

“எந்தப் படுபாவி சார்?”

அவள் கேட்டதுதான் தாமதம், மேனேஜர் கொட்டித் தீர்த்தார்.

“இங்க சிஸ்டம் பார்த்துக்கிட்டு இருந்தான் ஒருத்தன். ஒன்பது வருஷம் இந்த இடத்து உப்பைத் தின்னவன். மூணு மாசம் முன்னாடி லீவு கேட்டான், கிடையாதுன்னுட்டேன். மறுநாளே மிஷின் இதே மாதிரி நின்னுச்சு. வேற சாட்சி எதுக்கு? வேணும்னே உள்ள கையை விட்டு நோண்டிட்டான்னு எழுதி, அன்னைக்கே வெளியில தள்ளினேன். அவன் போன அரை மணியில மிஷின் தானா கிளம்பிடுச்சு!”

“அவர் என்ன சொன்னாரு?”

“அவரா? அவனுக்கென்ன மரியாதை! கன்ட்ரோலர் கார்டு சூடாகுது, மாத்தச் சொல்லி மூணு தடவை லெட்டர் குடுத்தேன்னான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! இப்ப லேபர் கோர்ட்டுக்குப் போயிருக்கான். நாளைக்கு வாய்தா. போகட்டுமே! கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வேற வேலையும் கிடைக்காது. அவனைப் பத்தி விசாரிச்சு போன் பண்றவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்லிடறேன்ல, திருட்டுப் பயன்னு!”

சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. கோபத்தில் அப்படி ஒரு சுகம் சிலருக்கு உண்டு.

அவள் ஸ்க்ரூவைத் திருகிய வேகத்தில் பெட்டி கிறீச்சிட்டது. உள்ளங்கை அளவு பச்சை நிறக் கார்டு ஒன்றை உருவி அவர் முன்னால் நீட்டினாள்.

“டிஸ்க்குக்கும் மிஷினுக்கும் நடுவுல நிக்கிற ஆள் இதுதான் சார். கன்ட்ரோலர் கார்டு. இது பதில் சொல்லாட்டி மிஷின் காத்துக்கிட்டே நிக்கும். இங்க பாருங்க, எப்படி உப்பியிருக்குன்னு. ஒரு நாள்ல உப்பினது இல்ல இது.”

பையிலிருந்து புதுக் கார்டை எடுத்துச் சொருகினாள். மிஷின் குடுகுடுவென்று கிளம்பியது. பழையதைப் போட்டாள். அதே வரியில் நின்றது. மறுபடி புதியதைப் போட்டாள். திரை முழுக்க முதுகெலும்புகளும் மண்டையோடுகளும் வந்து நின்றன.

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்பாடா! இது இப்படியே இருக்கட்டும்.”

“பழைய கார்டுக்கு வாரண்டி இருக்கு சார். ஆனா யாரும் உள்ள கை வைக்கலன்னு நீங்க எழுதிக் குடுத்தாதான் அது செல்லும். நீங்க இப்பதான் ஒருத்தர் நோண்டிட்டாருன்னு சொன்னீங்க. அப்படின்னா இந்தப் புதுக் கார்டை நான் எடுத்துட்டுப் போகணும். நீங்க புதுசா ஆர்டர் போட்டு வர பத்து நாள் ஆகும்.”

“பத்து நாளா!” மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றே முக்கால். “எவன் கை வச்சான்? ஒருத்தனும் வைக்கல!”

“அந்த சிஸ்டம் பார்த்தவர்?”

“அவனா? இதை நோண்டுற அளவுக்கு அவனுக்கு மூளை ஏதும்மா? ஏதோ கோபத்துல சொன்னேன். என்ன எழுதணும் சொல்லு, எழுதித் தர்றேன்.”

“முதல் தடவை நின்ன தேதியையும் போட்டுடுங்க சார். கார்டு அப்பவே போயிடுச்சு.”

சென்டரின் லெட்டர்ஹெட்டை எடுத்து, மேனேஜர் தன் கையாலேயே எழுதினார். இரண்டு முறையும் கோளாறு கார்டில்தான். எங்கள் ஊழியர் யாரும் இயந்திரத்தில் கை வைக்கவில்லை. கீழே கையெழுத்து, அதன்மேல் பளிச்சென்று சீல்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். வரவேற்பறைக்குப் போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்தாள். ஜெராக்ஸைக் கம்பெனி ஃபைலில் வைத்துவிட்டு, மேனேஜர் எழுதியதை நான்காக மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

“அசலைத்தானேம்மா கம்பெனிக்குக் குடுக்கணும்?”

“கம்பெனிக்கு நகல் போதும்.” முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. கையில் கட்டுப் போட்டவர் மறுபடி தலையைத் தூக்கினார். “இந்த ஏரியா என்னோடது இல்ல, கேட்டு வாங்கிக்கிட்டு வந்தேன். அசல் நாளைக்கு வாய்தாவுக்கு வேணும் சார். துண்டுக் காகிதம் கிடையாதுன்னு சொன்னீங்களே, அந்தத் திருட்டுப் பய என் வீட்டுக்காரர்.”