கிணற்றில் கிடைத்த பல்

மீன் வாடையே அறியாத உரும்பிராய்ச் சைவக் குசினியில், மனைவி சோறு வடிக்கும் பானைக்குள் சுறாத் தாடையை அவித்துவிட்டு நிற்கிறார் அம்பலவாணர். மூடியைத் திறந்தால் சாம்பல் நிற நுரை பொங்கி வழிகிறது. சுறாவுக்கே உரிய மூத்திர நெடி கண்ணைக் கரிக்கிறது. வெந்து குழைந்த பல்முரசுச் சதையை விரலால் வழித்து ஒரு பல்லைப் பிடுங்குகிறார் நம்முடைய விஞ்ஞானி. மற்றக் கையில், குடிதண்ணீர்க் கிணற்றை ஆழமாக்கியபோது சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வந்த கறுத்த முக்கோணக் கல். அதுவும் சுறாப் பல்தான் என்று அவர் சொல்லச் சொல்ல, ஊர் முழுக்க “இருக்கும், இருக்கும்” என்று சிரித்து மழுப்புகிறது. வாசலில் மனைவி தங்கரத்தினம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். “பானையை உடைச்செறியுங்கோ!” “எறியிறன். முதல் இதைப் பாருமப்பா. ரெண்டும் ஒண்டோ? என்ரை கண் ஆசைப்பட்ட கண், நம்பேலாது.” புகைக்கூட்டு வழியே விழும் வெயிலில் இரண்டையும் நீட்டுகிறார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிகிறாள். இரண்டிலும் பனங்கருக்குமட்டை போல வாள்பல் வைத்த விளிம்பு. தொடாமல் நெடுநேரம் பார்க்கிறாள். “ஓம். ரெண்டும் சுறாப் பல்லுத்தான்.” அவர் முகம் மலர்வதற்குள் அவளுக்கு ஓங்காளம் வருகிறது. “இனி உந்தக் கிணத்துத் தண்ணி என்ரை வாயிலை படாது.”