ஸ்டார்ட் ஆயிடுச்சு

இளவரசு பைக்கை இரண்டாம் முறையாக உதைத்துக்கொண்டிருந்தபோது, மனைவி வினோதினி போனும் கையுமாக வாசலுக்கு வந்தாள்.

"சிதம்பரத்துலேர்ந்து அண்ணன் பேசுது. நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணணுமாம்."

"அங்க இருந்துகிட்டே எம் பைக்குக்கு வைத்தியமா?" மூன்றாவது உதையில் வண்டி உறுமியது. "தோ, ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு சொல்லு மச்சான்கிட்ட!"

சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பத்தரை மணிக்கு, அவன் வேலை பார்த்த கடலூர் ரசாயன ஆலையில் ரியாக்டர் வெடித்தது. பெல்ட் கொக்கியை வைத்துத்தான் இளவரசுவை அடையாளம் கண்டார்கள்.

ரியாக்டரின் அழுத்தத்தைக் கவனிக்கும் புரோகிராம்கள் எல்லாம் எடுத்துப் பயன்படுத்தும் 'லைப்ரரி' என்ற பொதுவான நிரல் தொகுப்பை எழுதியவன் வினோதினியின் அண்ணன் ஸ்ரீதர். சுடுகாட்டிலிருந்து திரும்பியதுமே இளவரசுவின் தம்பி சடையப்பன் ஸ்ரீதரின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"முந்தின நாளுதான்டா எங்கண்ணன் நீ குடுத்த புது லைப்ரரிய ஏத்துச்சு. மறுநாளே கொன்னுட்டியேடா! இந்தக் கைதானே எழுதுச்சு?"

செங்கல்லால் விரல்களை நசுக்கினான். யாரும் தடுக்கவில்லை. வினோதினியும்தான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கேட்டாள்: "என்னண்ணா தப்பு பண்ண?"

"பழசுலதான்மா தப்பு. திருத்தித்தான் புதுச அனுப்புனேன். ஆனா ஓடிக்கிட்டு இருக்குற புரோகிராம் பழசையேதான் புடிச்சிக்கிட்டிருக்கும். நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணாத்தான் புதுச எடுக்கும்." கட்டுப்போட்ட கையையே பார்த்தான். "அதையும் பண்ணியாச்சுன்னு அன்னிக்குக் காலையில போன்ல நீதானே சொன்ன? அதான் புரியல."

வினோதினி அவன் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்தாள்.

ஆலை வாசலில் நின்ற பைக்கை இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். இன்றும் மூன்றாவது உதைக்குத்தான் ஸ்டார்ட் ஆகிறது.