தெற்குப் பக்க ஜன்னல்

ஒக்லஹோமா சிறுநகரச் சேவைக் கிளப்பின் மதியக் கூட்டத்தில், தங்கள் பழங்குடியினர் கட்டும் புது கசினோவைப் பற்றி வரைபடத்தை விரித்து வைத்து உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தார் பொறியாளர் லைல்.

“ஆடுற கூடத்துல ஜன்னலே வைக்க மாட்டோம். பொழுது சாயறது தெரிஞ்சா வீட்டு ஞாபகம் வந்து கிளம்பிடுவாங்க.”

“எங்கேயுமே கிடையாதா?” என்று கேட்டாள் அதே இனத்தைச் சேர்ந்த வெர்னா.

“பணியாளர் சாப்பிடுற அறையில ஒண்ணு இருக்கு, அத்தை. தெற்குப் பக்கம்.”

“வாசல் கேமரா எல்லா முகத்தையும் பார்க்குமா?”

“பார்க்கும். ‘என்னை உள்ளே விடாதீங்க’ன்னு தானே எழுதிக் கொடுத்த சூதாடி வந்தா, உடனே காட்டிக்கொடுத்துடும். அவங்க வளாகத்துலயே கால் வைக்க முடியாது.”

“வளாகம் எது வரைக்கும்?”

“வெர்னா கொள்ளையடிக்கத் திட்டம் போடுறா. கூட்டாளி வேணும்னா நான் வர்றேன்,” என்றார் மருந்துக்கடை கிளாரன்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும் லைல் அவளருகே வந்தார். “எதுக்கு அத்தை இத்தனை கேள்வி?”

“என் மக ஷெல்பி அங்க ஆட்ட மேசையில சீட்டுக் கலைச்சுப் போடுற வேலையில சேரப்போறா. அவ படிப்புப் பணத்தை நான் பழைய கசினோல தோத்ததிலேருந்து என்னைப் பார்க்கிறதே இல்லை.”

“திறப்பு விழாவுக்கு வாங்க. நான் அவகிட்ட பேசுறேன்.”

“வர முடியாதுப்பா. எழுதிக் கொடுத்தவங்கள்ல நானும் ஒருத்தி.”

லைல் வரைபடத்தை மறுபடி விரித்தார். “தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் பொது ரோடு. அங்க நின்னா யாரும் தடுக்க முடியாது.”

“அங்கேருந்து உள்ளே இருக்கிற முகம் தெரியுமா?”

“அந்த ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடறதா இருந்தோம், அத்தை,” என்றார் லைல். “இன்னும் வாங்கலை.”