ஜுபேதாவின் ரோஜாவுக்கு ஒரு விளக்கு

"அப்பா, ஜுபேதா ஆன்ட்டி எதுக்குச் செப்பலைக் கழட்டிட்டு நம்ம துளசிக்குத் தண்ணி ஊத்தறாங்க?" போன வருஷம் மனைவி பத்மப்ரியா படுத்த படுக்கையாக இருந்தபோது, பக்தவத்சலத்திடம் மகள் பிந்து கேட்ட கேள்வி இது. இப்போது பக்கத்து வீட்டு ஜுபேதா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவருடைய ரோஜாத் தொட்டி இப்போது பக்தவத்சலத்தின் பொறுப்பில் இருக்கிறது. கச்சிபௌலியில் எதிரே எழும்பிய கட்டடம் பால்கனி வெயிலை விழுங்கிவிட்டதால், அறைக்குள் விளக்கொளியில் செடி வளர்க்கும் சின்னக் கூடாரம் கட்டி அதில் செடியை வைத்திருக்கிறார். மாட்டிப் பார்த்து ஒன்றை வைத்துக்கொள்ளும்படி கடைக்காரர் கொடுத்த ஊதா, வெள்ளை என்ற இரண்டு எல்.இ.டி. விளக்குகளில், இப்போது ஊதா எரிகிறது. அந்த ஒளியில் எல்லா இலையும் ஒரே கறுப்பாக, திடமாகத் தெரிகிறது. "இதையே வைங்க. செடி நல்லாருக்குன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்," என்கிறாள் பத்மப்ரியா, ஆஸ்பத்திரிக்குச் சாப்பாட்டுக் கூடையோடு கிளம்பியபடி. "இரு, இன்னொண்ணையும் பாத்துடறேன்." வெள்ளை விளக்கை மாட்டியதும் இலைகளின் மஞ்சளும், அடியில் அப்பியிருக்கும் பூச்சியும் பளிச்சென்று தெரிகின்றன. "நல்லாருக்குன்னு சொல்லாதே. பாத்துக்கறேன்னு மட்டும் சொல்லு." கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. ஊதா விளக்கை அதன் பெட்டிக்குள் திரும்ப வைக்கிறார். ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கூடாரத்தின் முன் வந்தவர், வீட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, முதல் இலையைத் துடைக்கக் குனிகிறார்.