குறைந்துபோன எடை

தராசுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. எலுமிச்சைச் சாறும் ஆப்ப சோடாவும் கண்ணாடிப் புட்டிக்குள் பொங்கி அடங்கியதும் எடை பார்த்தது. முன்பைவிடக் குறைந்திருந்தது.

"நான் எழுதின வேதிச் சமன்பாட்டில் அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எடை அந்தப் பக்கமும் வரணும். மீதியை முழுங்கிட்டியா? உண்மையைச் சொல்லு, இல்லேன்னா குப்பைத்தொட்டிதான்" என்றது.

"நான் தொடலைக்கா! வாயு பறந்து போச்சு. சமன்பாட்டில் அதை நீங்க எழுதவே இல்லையே" என்று புட்டி அழுதது.

"கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் எழுத நான் என்ன ஏமாளியா?"

புட்டி மூடியைக் கெஞ்சியது. மறுபடி சாறும் சோடாவும் விழுந்த உடனே மூடி இறுக உட்கார்ந்தது. இம்முறை எடை துளியும் குறையவில்லை.

"இப்போ நம்பறீங்களாக்கா?"

"காவலுக்கு ஆள் நின்னா மட்டும் யோக்கியமா இருக்கே பாரு! கிளம்பு" என்றது தராசு.