கொடி ஒட்டும் இடம்

"இவளுக்கு வலதும் தெரியல, இடதும் தெரியல," என்று சூப்பர்வைசர் பேச்சிராஜா பெட்டியைத் தட்டினார்.

துறைமுகக் குடோனில், இலங்கைக்குப் போகிற பால்பவுடர் பெட்டிகள் கூரை முட்ட இருந்தன. அங்கே புயல் அடித்து ஊர் ஊராக வெள்ளம். நம் கொடியும் 'இந்திய மக்களின் அன்பளிப்பு' என்ற வரியும் போட்ட லேபிளை ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்ட வேண்டும். வலது பக்கம், கீழ் மூலையில்.

சுடலைமாடத்தி மட்டும் எல்லாப் பெட்டியிலும் நட்டநடுவில் ஒட்டியிருந்தாள்.

"ஏளா, காலையிலேருந்து எத்தன தடவ சொன்னேன்?"

"நடுவுல ஒட்டுனா கொடி நல்லாத் தெரியும்லா, அண்ணாச்சி."

பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சுஜிதா சிரித்துவிட்டாள். "டெல்லிக்காரனுக்கே யோசனை சொல்லுதா பாரு."

"சிரிக்காத. இன்னொரு பெரிய நாட்டுக்காரன் கப்பல் நேத்தே அங்க போய்ச் சேந்துட்டு. எல்லா டிவியிலயும் அவன் கொடிதான். பக்கத்துல இருந்துக்கிட்டு நாம பிந்திட்டோம்னு மேலேருந்து ஒரே ஏச்சு. நாலு மணிக்கு டெல்லி ஆபீசர் வாரார்." பேச்சிராஜா சுடலைமாடத்தி பக்கம் திரும்பினார். "இனி நடுவுல ஒண்ணு பாத்தேன், கேட் பாஸைப் புடுங்கிருவேன்."

மழைக்காலம். உப்பளங்கள் மூடிக் கிடந்தன. இந்தக் குடோனை விட்டால் தை முடியும்வரை அவளுக்கு வேறு வேலை இல்லை. உப்பளத்து வெயிலில் கண் மங்கிப்போய், புருஷன் வீட்டோடு இருக்கிறான்.

சரி என்று தலையாட்டினாள்.

அரை மணி கழித்து வந்து பார்த்தால், மறுபடியும் நடுவில்.

பேச்சிராஜா கையை நீட்டினார். அவள் பாஸைக் கழற்றிக் கொடுத்தாள்.

சரக்கு சரிபார்க்கும் கிளார்க் அமலனுக்கு மனசு கேட்கவில்லை. கேட் வரை பின்னாலேயே போனார்.

"இந்தா பாரும்மா, நான் சொல்லிப் பாக்கேன். தெரியாம ஒட்டிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு, போதும்."

"தெரிஞ்சுதான சார் ஒட்டுனேன்."

"என்னத்தத் தெரிஞ்ச?"

"எனக்குப் பேரெழுத வராது சார். நம்பர் வாசிப்பேன்."

சொல்லிவிட்டு அவள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். அமலனுக்குப் புரியவில்லை. கஷ்டத்தில் இருப்பவளுக்கு இத்தனை வீம்பு ஆகாது என்று நினைத்தபடி திரும்பினார்.

மணி மூன்றரை. "நீங்களும் கொஞ்சம் ஒட்டுங்க சார், அவ ஒட்டுனதை அப்படியே விட்டுட்டு மூலையில ஒண்ணு," என்று பேச்சிராஜா லேபிள் கட்டை நீட்டினார்.

அமலன் முதல் பெட்டியின் முன்னால் குனிந்தார். அவள் ஒட்டாமல் விட்ட அந்த மூலையில், சின்னதாகக் கறுப்பு எண்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.

பால்பவுடரை எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று போட்டிருந்தது. அந்தத் தேதி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அடுத்த பெட்டியைப் பார்த்தார். அதுவும் அப்படித்தான்.

நிமிர்ந்தபோது பேச்சிராஜா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பச்சப்பிள்ளைங்க குடிக்கது, பேச்சிராஜா."

"கான்ட்ராக்டர் குடுத்த சரக்கு சார். நானா வாங்குனேன்? உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் எத்தன மாசம்?"

"எட்டு."

"பொறவு என்ன."

வெளியே கார் வந்து நின்று, கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

அமலன் ஒரு லேபிளை உரித்தார். தேதிக்கு நேராக வைத்து, நுனி எழும்பாதபடி கட்டைவிரலால் இரண்டு முறை தேய்த்து ஒட்டினார்.